சேமிப்பிடத்தை மாற்று

இடமில்லை என்றது மடிக்கணினி.
இந்த ஊரில் யார்தான் சொல்லவில்லை அதை.
சி டிரைவ் சிவந்து கிடந்தது,
தவணைக் கடிதத்தின் கடைசி வரி போல.

தோண்டிப் பார்த்தால், பதினோரு ஜிபி
பாட்டுச் செயலி தின்றிருக்கிறது.
நாங்கள் ஒரு பாட்டையும் வாங்கியதில்லை.
மாதம் பத்து வெள்ளிச் சொச்சம் வாடகை.
ஒருமுறை கேட்டதை மறுபடி கேட்போமோ என்று
அதுவாகவே பிரதி எடுத்துப்
பதுக்கி வைத்துக்கொள்கிறது,
எங்கள் பொருளறை மாதிரி:
குண்டு விழுந்தாலும் தாங்கும் இரும்புக் கதவு,
உள்ளே தீபாவளி விளக்குச் சரம்,
சக்கரம் போன தள்ளுவண்டி, யார் வீட்டுக் குடையோ.

சிம் லிம் சதுக்கத்தில் பேரம் பேசி
நகத்தளவில் ஒரு மெமரி கார்டு வாங்கினேன்.
ரசீது வேண்டுமென்றால் இரண்டு வெள்ளி கூட என்றார்.
வேண்டாம் என்றேன்.

அமைப்புகள். கீழே. இன்னும் கீழே.
‘சேமிப்பிடத்தை மாற்று.’
அழுத்துமுன் பழைய இடத்தை
ஒருமுறை பார்த்துவிடலாமே என்று
கோப்புறையைத் திறந்தேன்.

பாட்டு எதுவும் இல்லை அங்கே.
பாடியவர் பெயரில்லை, படத்தின் பெயரில்லை.
மூன்று எஃப், ஏ ஏழு, பூஜ்ஜியம் டி என்று
வரிசையாய்ப் பெட்டிகள்,
ஒவ்வொன்றிலும் துண்டுதுண்டாய் ஏதோ.
வேறு எதில் போட்டாலும் பாடாது.
முப்பது நாள் இணையத்தைத் தொடாவிட்டால்
இதிலும் பாடாது.

எனக்கிது புதிதில்லை.
ரத்த வங்கியில் என் குளிர்பெட்டிகளிலும்
பெயர் கிடையாது, எண்தான்.
வந்த தேதி, வந்த நேரம், எந்தத் தட்டு,
என்றைக்குக் காலாவதி.
அந்தப் பழக்க தோஷம்:
தேதிப்படி அடுக்கினேன்.

மார்ச் நான்கு, அதிகாலை இரண்டு ஐம்பத்தொன்று.
மார்ச் ஐந்து, மூன்று பன்னிரண்டு.
மார்ச் பதினொன்று, மூன்று நாற்பது.
அதற்குப் பிறகு ஏப்ரல் முழுக்க.

எல்லாம் நான் இரவுப்பணிக்குப் போன நாள்கள்.
குளிர்சாதனப் பெட்டிக் கதவில் என் பணி அட்டவணை;
எழுந்து போய் ஒத்துப் பார்த்தேன்.
ஒன்றுகூடப் பிசகவில்லை.

நன்மாறா,
காலையில் நான் கேட்டைத் திறக்கும்போதெல்லாம்
‘நல்லாத் தூங்கினேன்’ என்பாய்.
நான் கேட்காமலே.
அந்தக் கேட்காமலேயை
நான் கவனித்திருக்க வேண்டும்.

என்ன கேட்டாய் அந்நேரத்தில்?
ஒரே பாட்டை இருநூறு முறை சுழலவிட்டாலும்
இங்கே விழுவது ஒரு பிரதிதான்,
எத்தனை முறை என்று பெட்டிக்குத் தெரியாது.
பிள்ளை எழுந்துவிடாமல்
காதில் செருகிக்கொண்டா?
சன்னலோரமா, சோபாவிலா?
எதிர்ப் புளோக்கில் எல்லா மாடியிலும்
ஆளில்லாத தாழ்வாரங்களுக்கு
விளக்கெரிந்துகொண்டிருந்திருக்கும்.

அழிக்கும் பொத்தான் பக்கத்திலேயே இருந்தது.
தற்காலிகக் கோப்புகளாம்,
பாதுகாப்பாக நீக்கலாமாம்.
பாதுகாப்பாக.
எழுதியவருக்குக் கல்யாணம் ஆகியிருக்காது.

மாற்று என்பதையே அழுத்தினேன்.
நாற்பது நிமிடம். பச்சைக் கோடு ஊர்ந்தது,
வெள்ளிக்கிழமை மாலை உட்லண்ட்ஸ் கடற்பாலம் போல.
நீ விழித்திருந்த மணிகள் ஒவ்வொன்றாய்
அந்தக் கறுப்புத் தகட்டுக்குக் குடிபோயின.
சிவப்புக் கோடு நீலமானது.
கணினிக்கு மூச்சு வந்தது.

மஞ்சள் தாளில் எழுதி ஒட்டினேன்:
‘கார்டைப் பிடுங்காதே. பாட்டு இதில்தான் இருக்கிறது.’
கிளம்பிவிட்டேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.
மூன்று பன்னிரண்டுக்கு
ஏ பாசிட்டிவ் இரண்டு பை எடுத்துக் கொடுத்துவிட்டு
கைப்பேசியைப் பார்த்தேன், வைத்துவிட்டேன்.

காலையில் வந்தால்
மஞ்சள் தாளில், என் வரிக்குக் கீழே,
பென்சிலில் உன் கோணல் எழுத்து:
‘எந்தப் பாட்டு?’

அது நான் கேட்க வேண்டியது.
நீ கோப்பி கலக்கிக்கொண்டிருந்தாய்.
பையை இறக்காமலே கேட்டேன்.